மிம்மிலிக்குக் கன்னம் இல்லை

உளுந்து கல்லுக்கு அடியில் போய் ரெண்டு சுற்று வருவதற்குள் கிரைண்டரின் சத்தம் மாறிவிடும், கடகடவென்று இருந்தது பொதபொதவென்று ஆகிவிடும், அந்த இடைவெளியில் ஒரு கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டு மறு கையால் போனைத் திறந்துவிடலாம் என்றுதான் கோகிலவாணி நினைத்திருந்தாள், ஆனால் ஈரக் கையைப் போன் எங்கே மதிக்கிறது, கட்டைவிரலை நைட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் இவள் யாரோ எவளோ என்று அது கம்மென்று கிடந்தது, கடைசியில் மூக்கு நுனியால் நாலு நம்பரைத் தொட்டுத்தான் திறக்க வேண்டியதாயிற்று, தொட்டியில் மூக்கை விடுகிற எருமை மாதிரி இருக்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு வந்த வழியே போயும்விட்டது, ஏனென்றால் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் நின்றது குடும்ப குரூப்பில் அபிநயா நேற்றுப் போட்ட படம், ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு வேற்றுக்கிரகத்து உருவம், அதன் கீழே தன் வீட்டுக்காரர் நல்லசிவம் வைத்திருந்த சிவப்பு இதயம். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் இவள் போட்ட எந்தக் கோலத்துக்கும், வைத்த எந்தக் குழம்புக்கும் கட்டைவிரலுக்கு மேல் காட்டாத மனுஷர், தம்பி பெண்டாட்டி ஒரு பொத்தானை அமுக்கி வரவழைத்த பிசாசுக்கு இதயம் வைத்திருக்கிறார். போகட்டும், அவர் இதயம், எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும், அதற்காக ஒன்றும் கோகிலா ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, பின்பக்கத்துப் பொடக்காலியில், கிரைண்டர் மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இலவசமாகப் படம் வரைந்து தருகிற ஆப் மூன்றை இறக்கி வைத்திருக்கவில்லை. தனுவுக்காக. ஏழு வயசு தன்ஷிகாவுக்காக, தான் பெற்ற பிள்ளைக்காக. அந்தப் பிள்ளை இந்த நிமிஷம் அபியின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கலர் பிரிண்டு எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறது, சித்தியும் மகளும் இன்றைக்குக் காலையில் மேல்மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு செய்து முடித்த கடைசிப் படத்தை எடுக்க, அம்மாவுக்கு இன்னும் காட்டாத படத்தை எடுக்க. சர்ப்ரைஸாம்.

அவர்கள் திரும்பி வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு கடைதான் திறந்திருக்கும், கூட்டம் நெரியும், அதற்குள் இவளும் ஒரு மிம்மிலியைச் செய்து அபியின் போனுக்கு அனுப்பிவிட்டால், இதையும் சேர்த்து ஒண்ணு போட்டுக்கோ அபி என்று ஒன்றும் இல்லாத மாதிரி சொல்லிவிட்டால், ரெண்டு படமும் தனுவின் முன்னால் இருக்கும், எது வேண்டுமோ பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். மிம்மிலி என்பது தனு வைத்த பேர். ரெண்டாம் வகுப்பு டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார், மேலே கட்டத்தில் வேறொரு கிரகத்திலிருந்து வந்த ஒருவரின் படம், கீழே அவரைப் பற்றி ஐந்து வரி, அதற்கும் கீழே 'உதவியவர்' என்று போட்டு ஒரே ஒரு கோடு. நாளைக்குச் சுவரில் ஒட்டுவார்கள், வெள்ளிக்கிழமை அம்மாமார் எல்லாம் வந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியும் கீழே குனிந்து அந்தக் கோட்டைத்தான் படிப்பாள், கோகிலாவாக இருந்தாலும் அதைத்தான் முதலில் படிப்பாள். அந்தக் கோட்டில் தனு பென்சிலால் 'சித்தி' என்று எழுதி வைத்திருக்கிறது. காலையில் பையைத் தட்டி எடுக்கும்போது கண்ணில் பட்டது. தி-க்குப் போட்ட கொக்கியை வானத்துக்குப் போகிற ராக்கெட் மாதிரி நீட்டிச் சந்தோஷமாக எழுதியிருந்தது. கோகிலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்போது பாத்திரம் கழுவிவிட்டு வந்த கை, ஈரக் கட்டைவிரல், அது தானாகப் போய் முதல் எழுத்தின் மேல் உட்கார்ந்து ஒரு தேய்ப்புத் தேய்த்தது. சி போய்விட்டது. 'த்தி' மட்டும் நின்றது, தலை இல்லாத முண்டம் மாதிரி. ஏன் தேய்த்தோம் என்று இப்போதும் தெரியவில்லை, கட்டைவிரல்தான் தேய்த்தது, நானில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். கட்டைவிரலை இப்போது உளுந்துக்குள் விட்டு ஓரத்து மாவை வழித்து நடுவில் தள்ளினாள். வெதுவெதுவென்று இருந்தது. தண்ணீர் போதவில்லை. தெளித்தாள்.

கத்தரிக்காய் வாங்கினாலே ஒவ்வொன்றையும் காம்பைத் திருப்பிப் புழு ஓட்டை பார்க்கிறவள் அவள், இலவசம் என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடுகிற பழக்கம் கிடையாது. ஆப்களின் இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாததால் படத்தைப் பார்த்து அவளே பேர் வைத்திருந்தாள், ஒன்று குமிழி, ஒன்று நரிவால், இன்னொன்று பார்ப்பதற்குக் கரண்டி மாதிரி இருந்ததால் கரண்டி. முதலில் குமிழியில் 'வேற்றுக்கிரகவாசி' என்று தமிழில் அடித்தாள், ற்றுவும் க்கிரவும் பிசகாமல், பள்ளிக்கூடத்தில் டிக்டேஷனில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கின கை அல்லவா, அபிக்கு இந்த வார்த்தையை எழுதச் சொன்னால் எங்கே ர எங்கே ற என்று மேலே பார்ப்பாள், இங்கிலீஷ் மீடியம். குமிழி யோசித்தது, சுற்றியது, பட்டென்று ஒரு படத்தைக் கொடுத்தது, அரக்குப் பட்டுச்சேலையும் நெத்திச்சுட்டியும் மல்லிகைச் சரமுமாக ஒரு கல்யாணப்பெண். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் தமிழ்ப் பொண்ணு என்று நினைத்துக்கொண்டது, பொண்ணுக்குக் கண் மட்டும் கொஞ்சம் பச்சை. இதைப் போய்ச் சுவரில் ஒட்டினால் எந்தக் கிரகம் என்று கேட்பார்கள், ஜவுளிக்கடைக் கிரகம் என்று சொல்ல வேண்டியதுதான். சிரித்துக்கொண்டே அதை ஒதுக்கினாள், ஆனாலும் அந்தப் பொண்ணின் கழுத்தைப் பார்த்ததும் போன வருஷம் ஆவணியில் அபி மணவறையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது, கொழுந்தன் பிரபுவுக்குப் பக்கத்தில், வழவழவென்று ஒரு பரு ஒரு தழும்பு இல்லாத கழுத்து, அன்றைக்கே தனு ஓடிப்போய் அந்த மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, எறங்குடி, சித்தி சேலை கசங்கும் என்று இவள் சொன்னதற்கு, கசங்கட்டுங்க்கா, பாப்பா எனக்குத்தான் என்றாள் அபி. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாதான் முதலில் சிரித்தாள். எனக்குத்தான் என்ற அந்த வார்த்தை இன்றைக்கு வரைக்கும் பல்லிடுக்கில் மாட்டின கொய்யா விதை மாதிரி, நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது.

நரிவாலுக்குத் தமிழ் கொஞ்சம் புரிந்தது, வேகமும் உண்டு, சொல்லி வாய் மூடுவதற்குள் நாலு படத்தைக் கொண்டுவந்து கொட்டியது, கொட்டி என்ன, நாலுக்கும் ஒரே மூஞ்சி, இங்கிலீஷ் படத்துக் கதாநாயகனுக்கு நீலச்சாயம் பூசி மீன்கண்ணை ஒட்டின மாதிரி, வயிற்றில் குறுக்கே அதன் பேரை வேறு பெரிதாக முத்திரை குத்தியிருந்தது, மாட்டுக்குச் சூடு வைத்த மாதிரி. விரலை எண்ணினாள், ஒரு கையில் ஏழு. வேற்றுக்கிரகம் என்பதால் ஏழு விரல் இருக்கலாம்தான், ஆனால் இன்னொரு கையில் நாலு. பிள்ளைக்கு இது பிடிக்காது, தனு எண்ணிப் பார்க்கிற ஜாதி, அம்மாவை மாதிரி. அம்மாவை மாதிரி என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் சர்க்கரை விழுந்தது, விழுந்து கரைவதற்குள், எண்ணிப் பார்க்கிறதே தவிர யாரிடம் போய் எண்ணிக் காட்டுகிறது என்று அடுத்த நினைப்பு வந்து நின்றது. மிம்மிலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, குரூப்பில் வந்ததை இது மிம்மிலியே இல்லை என்று தனு நேற்றே தள்ளிவிட்டது. அதுதான் விஷயம், ஆப் இல்லை விஷயம், எந்த ஆப்பாக இருந்தாலும் இன்னது வேண்டும் என்று நாம்தானே சொல்ல வேண்டும், மிம்மிலியைப் பற்றித் தனு சொன்னதெல்லாம் சித்தியிடம், அம்மாவுக்கோ, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போகும்போது படியில் சிந்திக் கிடந்ததுதான் கிடைத்தது. ஒன்று, அதற்கு ஆறு கை. இன்னொன்று, அது வருகிற கிரகத்தின் பேர். அந்தப் பேரை அபியே போன வாரம் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னாள், மிம்மிலி எங்கிருந்து வருதுன்னு தெரியுமாக்கா, நாளன்னிக்கிங்கற கிரகத்துல இருந்தாம். நல்லசிவத்துக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. கோகிலாவும் சிரித்தாள். கை கழுவும்போதுதான் உறைத்தது. அம்மா பார்க்குக்குப் போலாமா, நாளன்னிக்கிப் போலாம். அம்மா ஒரு கதை சொல்லு, மாவு வழிக்கணும் சாமி, நாளன்னிக்கிச் சொல்றேன். அம்மா எனக்கு ஒண்ணு தோணுது கேளேன், நாளன்னிக்கி. இவள் தள்ளித் தள்ளிப் போட்டதெல்லாம் சேர்ந்து சேர்ந்து ஒரு கிரகமாகத் திரண்டுவிட்டதா, அங்கே போகாத பார்க்கும் சொல்லாத கதையும் குவிந்து கிடக்கின்றனவா, அங்கிருந்து ஆறு கையோடு ஒன்று கிளம்பி நேராக மாடிக்குப் போய் அபியின் கதவைத் தட்டியிருக்கிறதா. கெரகம். கெரகம் என்று எரிச்சலில் வாய்விட்டே சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். நரிவால் இன்னொரு தடவை அமுக்கியதற்கு, இன்றைய இலவசம் முடிந்தது, நாளை வாருங்கள் என்றது. நாளைக்கு. நீ என்னை விடப் பரவாயில்லை, ஒரு நாள் முன்னாலேயே கூப்பிடுகிறாய்.

மாவைத் தொட்டு ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டாள், மிதக்கவில்லை, பாதி முங்கி நின்றது, இன்னும் பத்து நிமிஷம் ஓட வேண்டும். மிச்சம் இருப்பது கரண்டி. அது ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அரை நிமிஷம் விளம்பரம் காட்டும், தலைமுடி எண்ணெய்க்கு ஒருத்தி கூந்தலை விரித்து ஆட்டுவாள், பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் கரண்டியின் கைவேலை நன்றாக இருந்தது, தோல் என்றால் தோலாகத் தெரிந்தது, காலையில் சோதனைக்குக் கேட்டபோது நுங்குத் தோல் மாதிரி மினுங்குகிற ஒரு கன்னத்தைக் கொடுத்திருந்தது, தொடலாம் போல. துடைத்த விரலால் மெதுவாக, ஒரு எழுத்தும் பிசகாமல், 'ஆறு கை உள்ள அழகான வேற்றுக்கிரகக் குழந்தை' என்று அடித்தாள். கூந்தல்காரி வந்து ஆட்டிவிட்டுப் போனாள். வந்த படத்தில் ஒரு ஆறு ஓடியது. ரெண்டு கரையிலும் நாணல், நடுவில் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள்ளிருந்து ஒரே ஒரு கை, முழங்கை வரைக்கும் நீண்டு, வா என்கிறதா காப்பாற்று என்கிறதா தெரியவில்லை, கரையில் பச்சைநிறக் குழந்தை ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு என்றால் எண்ணு என்று தெரியாதாடா உனக்கு, என்று போனிடம் சொன்னாள், சொல்லும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கை. அதைப் பார்க்கப் பார்க்க முழங்கைக்குக் கீழே இடது கையில் அவளுக்குக் குறுகுறுவென்று வந்தது, ஊசி ஏற்றின இடம், போன ஐப்பசியில், டெங்கு என்று ஈரோட்டில் கொண்டுபோய்ப் போட்டார்களே பத்து நாள், அபி கல்யாணமாகி வந்து மூணு மாசம் கூட ஆகவில்லை, பிள்ளையை யார் பார்ப்பது என்று எல்லோரும் விழித்தபோது நான் பாத்துக்கறேங்க்கா, நீங்க போங்க என்றவள் அவள்தான். நன்றி இல்லாமலா இருக்கிறது, நன்றி தொண்டை வரைக்கும் இருக்கிறது, அதற்கு மேலேதான் வரமாட்டேன் என்கிறது. பத்து நாளில் தனுவுக்கு ஒரு பல் விழுந்தது, அந்தப் பல்லை அபிதான் எடுத்தாள், எங்கே போட்டாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து நாளும் அபிதான் சடை போட்டாள், திரும்பி வந்து பார்த்தால் பிள்ளையின் தலையில் வேறொரு வாசனை, கழுத்தோரம் அபியின் லோஷன், ரெண்டு சடைக்குப் பதில் ஏதோ பிரெஞ்சுச் சடை, அதை அவிழ்க்க இவள் பட்ட பாடு. அந்தப் பத்து நாளும் கோகிலாவிடம் இல்லை. வேறு எதை வேண்டுமானாலும் திரும்ப வாங்கிவிடலாம், வைராக்கியம் இருந்தால் நரிவாலையும் கரண்டியையும் வசக்கிவிடலாம், அந்தப் பத்து நாளை எந்த ஆப் செய்து தரும். ஆஸ்பத்திரியில் ராத்திரி எது பகல் எது என்று தெரியாமல் கிடந்தபோது ஒரே ஒரு வார்த்தை தலைக்குள் சுற்றியது, சித்தி. சித்தி என்றால் அப்பாவின் தம்பி பெண்டாட்டி. சித்தி என்றால் அம்மாவின் தங்கச்சி. சித்தி என்றால் அம்மா போன பிறகு வருகிறவளும்தான். மூணுக்கும் தமிழில் ஒரே வார்த்தை வைத்தவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

போன் அடித்தது. மாவுக் கையோடு மூக்கால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, இங்க ஒரே கூட்டம்ங்க்கா. கல்யாணப் பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. என்னமோ சத்தம் கேக்குது, கிரைண்டரா?”

“ஆமா. அரிசி போடப் போறேன். பிள்ளை தொந்தரவு பண்ணுதா?”

“ஐயோ, அது கடைக்காரருக்கே வேலை சொல்லுது. ஊதா பத்தலை, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கங்குது, பெயிண்டுக் கடையாட்ட.”

பின்னாலிருந்து தனுவின் குரல், “சித்தி, அம்மாட்ட சொல்லிராதீங்க, சொல்லிராதீங்க.”

“சொல்லலடா. அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் வாங்கணுமா?”

இதுதான் சமயம். ஒரு படம் அனுப்பறேன், அதையும் போட்டுக்கோ. வாய் வரைக்கும் வந்தது. அனுப்புவது எதை, கல்யாணப்பெண்ணையா, ஏழு விரல்காரனையா, ஆற்றில் முங்குகிற கையையா. “கறிவேப்பிலை இருந்தா வாங்கிட்டு வா” என்றாள். கறிவேப்பிலை மரம் பொடக்காலியிலேயே, அவள் தலைக்கு மேலேயே நின்றது.

போனை வைத்த பிறகு தன் பேரில் வந்த கோபத்தை அரிசி மேல் காட்டினாள், உளுந்தை வழித்துக் குண்டாவில் போட்டுவிட்டு அரிசியைக் கொட்டின வேகத்தில் பாதி வெளியே தெறித்தது, பொறுக்கினாள். கரண்டியில் இன்னொரு தடவை, இந்தத் தடவை ஆறு என்று எழுதாமல் 6 என்று போட்டு, கூந்தல்காரி ஆட்டி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால், விளம்பரம் முடிந்து நெட்டு போய்விட்டது, சுற்றிக்கொண்டே இருந்தது சக்கரம், கிரைண்டரும் சுற்றியது அதுவும் சுற்றியது. நல்லதுதான். வந்திருந்தால் மட்டும் என்ன, அதற்கு எப்படிக் கண், மூக்கு இருக்கிறதா, சிரிக்குமா, என்ன தின்னும், ஒன்றும் தெரியாது, ஆறு கையையும் ஒரு பேரையும் வைத்துக்கொண்டு பிள்ளையின் மனசை வரைய உட்கார்ந்தாயிற்று. அபிக்குத் தெரிந்தது எல்லாம் வேண்டும் என்று இல்லை. அபிக்குத் தெரியாதது ஒன்று, ஒன்றே ஒன்று இருந்தால் போதும். ஒன்று இருக்கிறது, இல்லாமல் இல்லை, நினைத்ததும் தானாகவே முகம் இளகியது, தனுவின் உள்ளங்கால். ஒன்றாம் வகுப்பு வரைக்கும் காலையில் கன்னத்தில் மை வைத்து அனுப்புவாள், கண் படக்கூடாது என்று, பிள்ளைகள் சிரிக்கறாங்கம்மா, கொசு உக்காந்த மாதிரி இருக்குங்கறாங்க என்று ஒரு நாள் தனு அழுதுகொண்டு வந்தது, அதிலிருந்து பொட்டு இடது உள்ளங்காலுக்கு மாறிவிட்டது, சாக்ஸுக்குள் போய்விட்டால் யாருக்குத் தெரியும், யார்கிட்டயும் சொல்லக்கூடாது, அப்பாகிட்டகூட, சத்தியம் என்று கையில் அடித்து வாங்கியிருக்கிறது. தினமும் காலையில் கட்டிலில் காலை நீட்டும், மை வைக்கும்போது கூச்சத்தில் நெளியும். அவ்வளவுதான் இவளுடைய சொத்து, ஒரு மிளகு அளவு. கண் படக்கூடாது என்று வைக்கிற மை, யாருடைய கண் என்று இவள் யோசித்ததே இல்லை, ஊர்க் கண், பக்கத்து வீட்டுக் கண், வந்துபோகிறவர் கண். இன்றைக்குக் காலையில் அந்தத் தாளைப் பார்த்த கண் எந்தக் கண். அந்தப் படத்தை, இன்னும் பார்க்காத அந்தப் படத்தை, ஒரு மணி நேரமாக நொந்து நொந்து கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிற கண்.

ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தத்தில் அரிசி வழவழவென்று அரைந்துபோயிருந்ததைக் கவனித்தாள், இட்லிக்கு ஆகாது, தோசைதான். தனு ஓடி வந்தது, பின்னால் அபி, ஒரு கையில் கறிவேப்பிலை, நிமிர்ந்து மரத்தைப் பார்த்துவிட்டு இலைக்கட்டை மேடையில் வைத்தாள்.

“அம்மா, கையத் தொடச்சுட்டுத்தான் பாக்கணும்” என்று தனு காகிதத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. துடைத்தாள். காட்டியது.

வெளிர் ஊதா நிறம், காற்றில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. முகம் என்று பார்த்தால் ஒரே ஒரு பெரிய கண், பாதி மூடி, தூக்கக் கலக்கமாக. ஆறு கையும் கையாக இல்லை, கண்ணாடிக் குழாயாக இருந்தது, நீளநீளமாக மேலே போய் எங்கேயோ முடிந்தது, உள்ளே சொட்டுச் சொட்டாக வெளிச்சம். பாதம் ரெண்டும் நம்மைப் பார்த்தபடி இருந்தன. நன்றாக இருந்தது. கரண்டி நூறு வருஷம் சுற்றினாலும் இது வராது. கோகிலாவின் வலது கை தானாகப் போய் இடது முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டது.

“கையெல்லாம் ஏன் சாமி குழாயாட்ட இருக்குது?”

“அதுலதான் அதுக்குச் சாப்பாடு போகும். வாயில சாப்பிடாது. நாளன்னிக்கில எல்லாருமே அப்படித்தான்.”

“நாளன்னிக்கில.”

“நீயும் அங்கதான இருந்த” என்றது தனு, இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அபிதான் மெதுவாகச் சொன்னாள், ஈரத் தரையில் கால் பதிய நடக்கிறவள் மாதிரி. “நீங்க ஈரோட்டுல இருந்தப்பங்க்கா. தெனமும் கேக்கும், அம்மா எப்ப வரும்னு. என்ன சொல்றதுன்னு தெரியாம நாளன்னிக்கி, நாளன்னிக்கின்னு சொல்லிட்டே இருந்தேன். ஒரு நா மாமா கூட்டிட்டுப் போயி கதவுக்கிட்ட நின்னு உங்களக் காட்டுனாங்கல்ல, அன்னிக்கி வந்து, சித்தி, நாளன்னிக்கி பாத்துட்டேன்னுச்சு. அது ஒரு ஊருன்னு நெனச்சுக்கிச்சு. நான் திருத்தல. திருத்தியிருக்கணுமோ என்னமோ.”

கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலா போய் சுவிட்சைத் தட்டினாள். அப்படியானால் அது தள்ளிப் போட்டதெல்லாம் திரண்ட கிரகம் இல்லை. நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது, இறங்கின இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது, கதவோரம் நின்ற அந்தப் பிள்ளையின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று அபிக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை, இவள் கண்ணை மூடிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, இங்க சி காணோம்.” தனு பையிலிருந்து டீச்சர் கொடுத்த தாளை எடுத்து விரித்து, படத்தை ஒட்டுவதற்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தது. “நான் எழுதுனேன், வெறும் த்திதான் இருக்குது.”

அபி குனிந்து பார்த்தாள். தேய்ந்த இடத்தில் கட்டைவிரலின் ரேகை கூடத் தெரிந்தது. நிமிர்ந்து கோகிலாவைப் பார்க்கவில்லை. “பையில ஒரசி அழிஞ்சிருக்கும்டா” என்றாள்.

அதுகூட அவளே சொல்லிவிட்டாள். கோகிலா பென்சிலை வாங்கினாள். “குடு, நான் போடறேன்” என்று தாளைக் கிரைண்டர் மேடையின் உலர்ந்த ஓரத்தில் வைத்து, டிக்டேஷன் எழுதின அந்தப் பழைய கையால், கோடும் கொக்கியும் அதனதன் இடத்தில் நிற்க, சி எழுதினாள். பிள்ளை எழுதின த்தியை விட அது ரொம்பத் திருத்தமாக இருந்தது, யாரோ பெரியவர் போட்டது என்று பார்த்ததும் தெரியும். இருக்கட்டும்.

“நல்லாருக்குதாம்மா மிம்மிலி?”

“ரொம்ப.”

“அப்பக் கண்ணு பட்டுரும்” என்றது தனு. உள்ளே ஓடியது, மை டப்பியோடு வந்தது, படத்தின் மேல் குனிந்து அங்கேயும் இங்கேயும் தேடியது, கண்ணுக்குப் பக்கத்தில், கண்ணுக்குக் கீழே. “இதுக்குக் கன்னமே இல்லையே.”

“நெத்தியில வெச்சரலாம்டா, செல்லம்” என்றாள் அபி.

தனு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி, சொல்லிராத என்று. அப்புறம் டப்பியை நீட்டி, மிதக்கிற அந்த ரெண்டு பாதத்தில் இடது பாதத்தை விரலால் தொட்டுக் காட்டியது.

“கால்லயா? எதுக்குக் கால்ல?” என்றாள் அபி.

கோகிலா மோதிர விரலால் மையைத் தொட்டாள். யாருடைய கண்ணுக்கு என்று இந்தத் தடவை தெரிந்தே தொட்டாள். மிளகு அளவுதான் வைக்க வேண்டும், இத்தனை நாள் அப்படித்தான் வைத்தது. விரலைச் சற்று அழுத்தி, சுற்றி, கொஞ்சம் பெரிசாகவே வைத்தாள்.